எட்டே முக்கால் வினாடி

மலைவழி வாகனத் தகுதி நிர்ணய மையத்திலிருந்து கடிதம் வந்தபோது ஓட்டுநர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். உறையைப் பிரித்துப் படித்துச் சொன்னது நர்ஸ். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன சுகாதார நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். ஊசி போட அவள், வண்டி ஓட்ட இவர். மேலே மலைமீது நாற்பது வீடுகள். அங்கே யாருக்கு முடியாமல் போனாலும் இருவரும் ஏறிப் போய், ஆளை இறக்கிக்கொண்டு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

"அண்ணா, புது வண்டி வாங்கப் போறாங்களாம். உங்களைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. 'பயனாளர் தரப்பு வல்லுநர்'னு போட்டிருக்கு."

"யாரு வல்லுநரு?"

"நீங்கதான்."

ஓட்டுநர் வெளியே ஊர்ந்து வந்து, கையெல்லாம் கிரீஸ் என்பதால் கடிதத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். உண்மைதான். பதினேழு வருட வேலையில் அவரை யாரும் எந்தத் தரப்பாகவும் கருதியது கிடையாது. காது மடல் சூடாயிற்று.

"போனா வாயைத் திறந்து சொல்லுங்க" என்றாள் நர்ஸ். "வேகமெல்லாம் நமக்கு வேண்டாம். இந்த லோ கியர் இருக்கணும், பல்லு வெச்ச டயர் இருக்கணும், அடியில கல்லு இடிக்காத மாதிரி உயரமா இருக்கணும். நடந்து போற ஆளு நம்மளை முந்திட்டுப் போனாலும் பரவாயில்லை, நிக்காம ஏறணும். அவ்வளவுதான்."

"இதைச் சொல்லத் தெரியாதா எனக்கு?" என்றார் ஓட்டுநர்.

அந்த ஜீப்புக்கு அறுபது குதிரைத் திறன். அதிலும் பத்துப் பதினைந்து குதிரைகள் முதுமையால் ஓய்வு பெற்றிருக்கும். ஆனால் பெரிய கியர்க் குச்சிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு குச்சி உண்டு. அதைப் பின்னால் இழுத்துவிட்டால் நான்கு சக்கரமும் மெதுவாக, மிகப் பிடிவாதமாகச் சுற்றும். மழையிலும் நாற்பது நிமிடத்தில் மேலே போய்விடலாம். இந்த விஷயம் அவருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், மலைமேல் இருக்கும் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். தெரியாமல் இருந்தது மையத்துக்கு மட்டும்தான்.

மையம் ஐந்து மாடி. மலைப் பாதைகளுக்கான வாகனங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் அதன் ஒரே வேலை. ஆனால் அங்கே வேலை பார்த்த யாரும் மலையைப் பார்த்ததில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அதிகாரிகள் மலைக்குப் போக வேண்டுமானால் தகுதிச் சான்று பெற்ற வாகனத்தில்தான் போக வேண்டும் என்பது விதி. தலைவரின் பயணத்துக்கான வாகனம் பதினொரு வருடமாகத் தகுதி பெற்றுக்கொண்டே இருந்தது.

ஓட்டுநருக்கு நாற்காலி போட்டார்கள். தேநீர் வந்தது, சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டுவிட்டுக் கலந்தார்கள். சட்டைப் பையில் 'வல்லுநர்' என்று எழுதிய அட்டையைக் குத்தினார்கள். அந்த அட்டையை அவர் இரண்டு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் பின்னால் நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது, அன்றைக்குக் கூசவில்லை.

முதலில் அளவை அதிகாரி வந்தார். அவர் கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பட்டுத்துணி, துணிமேல் பழைய காலத்து ஸ்டாப்வாட்ச் ஒன்று. பெட்டியைத் திறக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"நம்ம மையத்துல சான்று பெற்ற ஒரே கருவி இதுதான்" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "சான்று பெறாத கருவியால அளந்தா செல்லாது. அளக்காத எதையும் நாங்க நம்பறதில்லை. அதனால ஒரு வண்டியோட தகுதிங்கறது என்ன? இந்தக் கடிகாரத்தால எதை அளக்க முடியுமோ அதுதான்."

"மேடு ஏறறதை அளக்க ஏதாவது இருக்குங்களா சார்?" என்று ஓட்டுநர் பணிவாகக் கேட்டார்.

"சாய்வு அளக்கற கருவி ஒண்ணு இருந்தது. அதோட சான்றிதழ் எட்டு வருஷம் முன்னாடி காலாவதி ஆயிடுச்சு."

ஆக எட்டு வருடமாக அந்தத் துறையின் எல்லைக்குள் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எல்லாம் சமமாகிவிட்டது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை வினாடியில் தொடுகிறது என்பதை மட்டும் கடிகாரத்தால் அளக்க முடிந்தது. எனவே மலைப்பாதை வாகனத்துக்கு அதுவே இலக்கணம் ஆயிற்று.

தலைவர் அந்த இலக்கணத்துக்கு உரை எழுதியவர். அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லாதவர்.

"மலை என்றால் என்ன? கொஞ்சம் சாய்த்து வைத்த சமவெளி. அவ்வளவுதான். அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் மெதுவாகப் போகிறார்கள். மெதுவாகப் போவதால் அதிக நேரம் மலையில் இருக்கிறார்கள். அதிக நேரம் இருப்பதால் அதிகச் சிக்கல். நீங்கள் வேகமாகப் போய்விட்டால் மலையில் இருக்கும் நேரம் குறைகிறது. நேரம் பூஜ்யம் என்றால் மலையே பூஜ்யம்! இப்போது சொல்லுங்கள், உங்கள் பழைய வண்டிக்கு எத்தனை குதிரை?"

"அறுபதுங்க."

அறையில் ஒரு உச்சுக்கொட்டல் எழுந்தது. துக்க வீட்டில் எழுவது போன்றது.

"புதிய வாகனம் இருநூற்றுப் பத்து" என்றார் தலைவர். "இத்தனை காலமாக நூற்றைம்பது குதிரை குறைவாக வைத்துக்கொண்டு மக்களுக்குச் சேவை செய்திருக்கிறீர்கள். இந்தப் பற்றாக்குறையை நீங்கள் ஏன் ஒரு தடவைகூட எழுதித் தெரிவிக்கவில்லை?"

குறை சொல்ல வந்தவர்மேல் குறை வந்து ஏறியது. ஓட்டுநர் "தப்புதாங்க" என்றார்.

சோதனை மையத்தின் பின்புறம் நடந்தது. பளபளவென்று நேராக ஒரு தார்ச்சாலை. அதன் ஓரத்தில் ஒரு பாத்தியில் செம்மண் கொட்டி, 'சேறு' என்று பலகை வைத்திருந்தார்கள். மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி, உருளை ஓட்டிச் சமப்படுத்தியிருந்தது. தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. எவ்வளவு ஊற்றுவது என்று அளக்கச் சான்று பெற்ற குவளை கிடையாது. அந்தச் சேற்றை வாகனம் இரண்டே வினாடியில் கடந்தது. எல்லோரும் டயரைப் பார்த்தார்கள். ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. "பார்த்தீங்களா!" என்றார் அளவை அதிகாரி.

பிறகு வேகச் சோதனை. மையத்தின் சொந்த ஓட்டுநர் இரண்டு முறை ஓட்டியும் பதினொரு வினாடிக்குக் கீழே இறங்கவில்லை. தலைவரின் முகம் சுருங்கியது. "வல்லுநர் ஓட்டிப் பார்க்கட்டுமே" என்றார் குறிப்பெழுத்தர். கூட்டத்தில் நடப்பதை எழுதி வைப்பது மட்டுமே வேலையாக இருந்தவர்.

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். வெண்ணெய் நிறத்தில் மெத்து மெத்தென்ற இருக்கை. பழக்க தோஷத்தில் இடது கை சின்னக் குச்சியைத் தேடியது. இல்லை.

"சார், அந்த லோ கியர் போடற குச்சி எங்க சார்?"

"அதெல்லாம் மெதுவாகப் போகிறவர்களுக்கு!" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரித்தார். பதினேழு வருடம் தன்னையும் எத்தனையோ நோயாளிகளையும் ஏற்றி இறக்கிய அந்தக் குச்சியைப் பார்த்து, யாரோ முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அவர் பிறகு எத்தனை நாள் பல்லைக் கடித்தார் என்பதற்குக் கணக்கில்லை.

கொடி இறங்கியது. மிதித்தார். வண்டி பாய்ந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, வயிற்றுக்குள் ஏதோ நழுவியது, வாய் தானாகப் பிளந்து சிரித்தது. நாற்பத்தெட்டு வயதில் அவர் உடம்பு அப்படி ஒரு சுகத்தை அறிந்ததில்லை. சாலை முடிவில் நிறுத்தித் திரும்பி வந்தபோது அளவை அதிகாரி கடிகாரத்தை வானத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எட்டே முக்கால்! மையத்தோட வரலாற்றிலேயே இதுதான் சாதனை!"

கைதட்டினார்கள். தலைவர் வண்டிக் கதவைத் தாமே திறந்துவிட்டார். அப்போது ஓட்டுநர் இறங்கி, 'சார், இது ஏறாது' என்று சொல்லியிருக்கலாம். வாய் ஒன்றும் பூட்டப்பட்டிருக்கவில்லை. அவர் சொன்னது வேறு.

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுங்களா சார்?"

ஓட்டினார். அதன்பின் படிவம் வந்தது. 'இவ்வாகனம் தங்கள் பாதைக்குப் பொருத்தமானதா?' என்ற கேள்விக்கு நேரே இரண்டு கட்டங்கள் இருந்தன: ஆம், மிகவும். பேனா இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் தயங்கியது. நர்ஸ் சொல்லியனுப்பியது நினைவுக்கு வராமல் இல்லை. எல்லாம் வரிசையாக வந்தது. ஆனால் இவ்வளவு மரியாதை செய்தவர்களிடம் போய் அதைச் சொல்வது நன்றிகெட்ட செயல் என்று அவருக்குப் பட்டது. 'மிகவும்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாதனைச் சான்றிதழை மனைவி சட்டம் போட்டு மாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து வந்து காட்டினாள். நர்ஸ் மட்டும், "சொன்னீங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

"பேசினேன்" என்றார் ஓட்டுநர். பொய் இல்லை. பேசத்தான் செய்தார்.

புது வண்டி வந்த அன்றே பழைய ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த பதினைந்து நாள் வெயில். வண்டி எப்படியோ முனகிக்கொண்டு ஏறியது. பதினாறாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு மலைமேலிருந்து போன். அந்த ஊர்க் கொத்தனார் பேசினார். அவர் மனைவிக்கு நிறைமாதம். வலி கண்டுவிட்டது, ரத்தமும் போகிறது. "அண்ணே, சீக்கிரம் வாங்கண்ணே."

இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. கொஞ்சமாக மிதித்தால் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தால் இருநூற்றுப் பத்து குதிரைகளும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி, சேற்றை வாரி இறைத்து, தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிக்கொண்டன. வேகமானி மட்டும் எண்பது காட்டியது. நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். ஓட்டுநர் கல் பொறுக்கினார், கிளை ஒடித்துப் போட்டார், கையால் சேற்றை அள்ளினார். மூன்று மணி நேரம்.

கடைசியில் மேலே இருந்தவர்களே இறங்கி வந்தார்கள். நான்கு பேர் ஒரு நாற்காலியில் கம்பு கட்டிக் கொத்தனாரின் மனைவியைத் தூக்கி வந்தார்கள். வண்டியருகே வந்தபோது அதற்குமேல் அசைக்க முடியாது என்று நர்ஸ் சொன்னாள். வெண்ணெய் நிற இருக்கையில் அந்தக் குழந்தை பிறந்தது. அழவில்லை. நர்ஸ் அதன் வாயில் ஊதினாள், மார்பைத் தேய்த்தாள், மறுபடி ஊதினாள். பிறகு தன் துண்டில் சுற்றினாள். மழை கொஞ்சம் விட்ட பிறகு எல்லோருமாகத் தள்ளி வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினார்கள். தாயைக் காப்பாற்ற முடிந்தது.

பழைய ஜீப்பாக இருந்திருந்தால் ஒன்பது மணிக்குள் மேலே, பதினொரு மணிக்குள் ஆஸ்பத்திரி. இந்தக் கணக்கை ஓட்டுநரிடம் யாரும் போட்டுக் காட்டவில்லை. அவரே போட்டார், தினமும் போட்டார்.

அது நடந்த பத்தாம் நாள் மையத்திலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் பொறுப்பில் உள்ள வாகனத்தின் பின் இருக்கையில் கறை காணப்படுவதாக ஆய்வில் தெரியவருகிறது. நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்.'

அதே அறை, அதே மூவர். இம்முறை தேநீர் வரவில்லை. ஓட்டுநர் நடந்ததைச் சொன்னார். வளைவைச் சொன்னார், நாற்காலியைச் சொன்னார், துண்டைச் சொன்னார். சொல்லி முடித்ததும் மூவரும் உச்சுக்கொட்டினார்கள். அவர்களுக்கும் மனசு இருந்தது. ஆனால் அதற்கும் சான்று வாங்கியிருக்கவில்லை.

"எவ்வளவு நேரம் சிக்கியிருந்தது?" என்றார் அளவை அதிகாரி.

"மூணு மணி நேரம் சார்."

அதிகாரி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து யோசித்தார். "நம்ம கடிகாரத்துல சின்ன முள்ளுக்கு அரை மணிக்கு ஒரு சுற்று. முள் ஒரு சுற்று முடிஞ்சா பூஜ்யத்துக்கு வந்துடும். மூணு மணி நேரம்னா சரியா ஆறு சுற்று. ஆறு சுற்று முடிவுல முள் எங்க நிக்கும்?"

"பூஜ்யத்தில்" என்றார் தலைவர்.

"வாகனம் சிக்கிய நேரம், பூஜ்யம்" என்று குறிப்பெழுத்தர் எழுதிக்கொண்டார்.

ஓட்டுநர் எழுந்து நின்றார். அவர் வாழ்க்கையில் அதிகாரிகள் முன்னால் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"சார், எனக்கு அன்னிக்கே தெரியும் சார். இது மலைக்கு ஆகாது. இதுல லோ கியர் இல்ல, இந்த டயரு சேத்துல புடிக்காது. பவரு இருந்து என்ன சார் பண்றது, அது தரையில இறங்கணும்ல? எனக்குத் தெரிஞ்சே 'மிகவும்'னு போட்டேன். நீங்க நாற்காலி குடுத்தீங்க, கை தட்டினீங்க, அதுல மயங்கிட்டேன். அந்தக் கையெழுத்து பொய் சார். அதை எழுதிக்குங்க. அந்த வண்டியை எடுத்துட்டு என் பழைய ஜீப்பைக் குடுங்க. எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது போலிருந்தது.

"அப்படியென்றால் நீங்கள் இந்த மையத்தில் பொய் சொல்லக்கூடியவர் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்."

"ஆமா சார்."

"எப்போது ஒப்புக்கொள்கிறீர்கள்?"

"இப்ப சார்."

"அங்கேதான் சிக்கல். பொய்யர் என்று தெரிந்த ஒருவரின் வாக்குமூலத்தை நாங்கள் பதிவு செய்ய முடியாது. விதி அப்படி. எனவே இன்று நீங்கள் சொன்ன எதுவும் செல்லாது. அன்று நீங்கள் கையெழுத்துப் போட்டபோது உங்கள்மேல் எந்தப் புகாரும் இல்லை. அப்பழுக்கில்லாத வல்லுநர். அதனால் அந்தச் சான்று செல்லும்."

"அப்ப அந்தக் குழந்தை சார்?"

"கோப்பு கறையைப் பற்றியது" என்றார் தலைவர் மென்மையாக. "ஆனால் நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. இரண்டு சீர்திருத்தங்களைப் பரிந்துரைக்கிறோம். அடுத்த வாகனத்துக்கு இருநூற்று எண்பது குதிரை. இருக்கை கறுப்பு நிறத்தில்."

ஓட்டுநர் ஊர் திரும்பி, வீட்டுக்குப் போகாமல், வண்டியையும் எடுக்காமல், மலைப்பாதையில் நடந்தார். சொல்ல வேண்டியவர்களிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று ஒன்றும் தெரியவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

இரண்டாவது வளைவில் கொத்தனார் இருந்தார். தனி ஆளாகக் குந்தி உட்கார்ந்து, சேற்றை வெட்டி எடுத்துவிட்டு, சாலையில் கல் பதித்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு முழத்துக்கு வேலை முடிந்திருந்தது. நெருக்கமாக, ஒரு கல்லும் ஆடாத வேலை.

"வாங்கண்ணே. பார்த்து வாங்க, வழுக்கும்" என்றார் கொத்தனார். "அடுத்த மழைக்குள்ள முடிச்சுடலாம்னு பார்க்கறேன். கீழ் வீட்டுப் பொண்ணுக்கு இது ஏழாம் மாசம். உங்க வண்டி ஏறணும்ல."

ஓட்டுநரால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்றார்.

"இருக்கா. பேசறதில்லை." கொத்தனார் ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதற்கான இடத்தில் வைத்துத் தட்டினார். "நீங்க ஏண்ணே அதை நினைச்சு உடம்பைக் கெடுத்துக்கறீங்க? சிஸ்டர் சொன்னாங்க, நீங்க சரியா சாப்பிடறது கூட இல்லைன்னு. அவனுங்க குடுத்ததை நீங்க ஓட்டறீங்க. உங்களால என்ன பண்ண முடியும்? மலையே பார்க்காதவனுங்க வண்டி வாங்கறானுங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்களை மாதிரி ஓட்டறவரை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமாண்ணே?"

தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். அதற்கும் வழி இருந்தது. சாலையில் வேறு யாரும் இல்லை.

"கேட்டாங்க" என்றார் ஓட்டுநர்.

கொத்தனார் நிமிர்ந்தார்.

"என்னைத்தான் கேட்டாங்க. நான்தான் ஏறும்னு கையெழுத்துப் போட்டேன். ஏறாதுன்னு தெரியும். தெரிஞ்சே போட்டேன்."

கொத்தனார் அவரை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று ஓட்டுநர் காத்திருந்தார்; கையில் இருக்கும் சுத்தியலால் அடித்தாலும் வாங்கிக்கொள்வதென்று நின்றார். கொத்தனார் குனிந்து குவியலிலிருந்து அடுத்த கல்லை எடுத்தார். அதன் மண்ணைக் கட்டைவிரலால் வழித்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். "நீங்க நிக்கற இடத்துல கல்லு வெக்கணும்."

அந்தப் பேச்சில் 'அண்ணே' இல்லை. ஓட்டுநர் தள்ளி நின்றார்.